அடுத்த கொள்ளைநோய்க்கு முன்: எல்லைக்குத் தனியாக வந்த குழந்தைகளை 2020-21இல் நடத்திய விதம்

நதிமூலம் (ஹூஸ்டன்)

கொரோனாக் காலத்தைப் பற்றி இந்தக் களத்தில் நிறையப் பேசியிருக்கிறோம். ஊரடங்கு, தடுப்பூசி, வேலையிழப்பு, ஊருக்குப் போக முடியாமல் தவித்தது என்று எல்லாவற்றுக்கும் இழைகள் உண்டு. அமெரிக்காவின் தெற்கு எல்லைக்குப் பெற்றோர் துணையின்றி வந்து சேர்ந்த குழந்தைகளைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை. இங்கே டெக்சாஸில் வாழ்கிற எங்களுக்கு அது தொலைக்காட்சிச் செய்தி அல்ல. எங்கள் மாவட்டங்களில், எங்கள் விடுதிகளில், எங்கள் மாநாட்டு அரங்குகளில் நடந்தது. அடுத்த கொள்ளைநோய் என்றைக்கு வரும் என்று தெரியாது. அதற்குள் பேசித் தெளிவதற்காகவே இதைத் தொடங்குகிறேன்.

முதலில் சட்டம். 1997இல் நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஃபுளோரஸ் உடன்படிக்கையின்படி, குடியேற்றக் காவலில் உள்ள குழந்தையைத் தேவையின்றித் தாமதிக்காமல் விடுவிக்க வேண்டும். வைத்திருக்கும்வரை கட்டுப்பாடு மிகக் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். 2002இல் இந்தக் குழந்தைகளின் பராமரிப்பு, சுகாதார, மனித சேவைகள் துறையின் கீழுள்ள அகதிகள் மீள்குடியேற்ற அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. 2008ஆம் ஆண்டின் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், எல்லைக் காவல்படை 72 மணி நேரத்துக்குள் குழந்தையை அந்த அலுவலகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. அதன் பிறகு காப்பகம். அங்கிருந்து அமெரிக்காவில் உள்ள தாய், தகப்பன், சித்தி, அண்ணன் என யாராவது ஒரு பொறுப்பாளரின் வீடு. குறைகள் இருந்தாலும் இது ஒரு பாதை.

2020 மார்ச் 20 அன்று அந்தப் பாதை மூடப்பட்டது. 1944ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் ஒரு பிரிவைத் தூசி தட்டி எடுத்து, நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பெயரில் ஓர் ஆணை வந்தது. டைட்டில் 42 என்று எல்லோரும் குறிப்பிடுவது அதைத்தான். அதன்படி குழந்தைகளையும் விசாரணை இல்லாமல், புகலிடம் கேட்க வாய்ப்பில்லாமல் திருப்பி அனுப்பினார்கள். நவம்பருக்குள் அப்படி அனுப்பப்பட்ட குழந்தைகள் சுமார் 13,000 பேர். விமானம் கிடைக்கும்வரை பலரை விடுதி அறைகளில் தனியார் ஒப்பந்த நிறுவனத்தின் காவலில் வைத்திருந்தார்கள். சிலர் பத்து வயதுப் பிள்ளைகள். பெற்றோருக்கும் வழக்கறிஞருக்கும் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. ஃபுளோரஸ் வழக்கைக் கவனிக்கும் நீதிபதி டாலி ஜீ, செப்டம்பர் 2020இல் விடுதிகளில் வைப்பதை நிறுத்தச் சொன்னார். நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் நீதிபதி எம்மெட் சல்லிவன் குழந்தைகளை வெளியேற்றவே தடை விதித்தார்.

என்னை இன்றும் உறங்கவிடாத விவரம் ஒன்று உண்டு. விடுதியில் வைத்திருந்த குழந்தைகளுக்குப் பரிசோதனை செய்தார்கள். தொற்று இல்லை என்று முடிவு வந்த பிறகுதான் விமானத்தில் ஏற்றினார்கள். தொற்றைத் தடுப்பதற்காக என்று சொல்லி, தொற்று இல்லை என்று உறுதியான பிள்ளையை வெளியேற்றினார்கள். அதே நேரம் காப்பகங்களில் சுமார் 13,000 படுக்கைகள் இருந்தன. அவற்றில் தங்கியிருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொள்ளைநோய்க் காலத்தில் இப்படி ஒரு குழந்தைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதைக் கூட்டத்திலிருந்து பிரித்து விரைவாக ஒரு வீட்டில் சேர்ப்பதும், சேர்த்த பிறகு கைவிடாமல் இருப்பதும்தான். எல்லையை மூடுவதும் தவறு, ஆயிரக்கணக்கில் கட்டில் போட்டுக் கூடாரம் அடிப்பதும் போதாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சேதுக்கரை (இராமநாதபுரம்)

அம்மா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். உலகமே கதவை அடைத்திருந்த காலம். இந்தியா 2020 மார்ச் 22 முதல் பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. வெளிநாடுகளில் தவித்தவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியது மே 7இல். இடைப்பட்ட நாட்களில் குவைத்திலும் துபாயிலும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் பத்துப் பேர் என்று அடைபட்டுக் கிடந்தார்கள். சொந்த நாட்டுக் குடிமக்களுக்கே வழி இல்லாதபோது, அனுமதியின்றி எல்லை கடக்கிறவர்களுக்கு மட்டும் எப்படித் திறக்க முடியும்? ஓர் அரசு முதலில் தன் மருத்துவமனைகளைத்தானே காப்பாற்ற வேண்டும்? இதைக் கல்நெஞ்சம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பில் இருப்பவர்கள் இப்படித்தான் யோசித்திருப்பார்கள் என்பதால் கேட்கிறேன்.

நதிமூலம் (ஹூஸ்டன்)

ஐயா, நியாயமான கேள்வி. ஆனால் தெற்கு எல்லை யாருக்கும் திறக்கவில்லை என்பது சரியல்ல. சரக்கு லாரிகள் ஓடின. அமெரிக்கக் குடிமக்களும் பச்சை அட்டை வைத்திருந்தவர்களும் வந்து போனார்கள். அத்தியாவசியப் பயணம் என்ற பெயரில் வேலைக்கும் மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கடந்தார்கள். ஒரு நாளில் எல்லையைக் கடந்த கூட்டத்தோடு ஒப்பிட்டால், தனியாக வந்த குழந்தைகள் மிகச் சிறிய பங்கு.

அந்த ஆணை மருத்துவ அறிவிலிருந்து பிறந்ததும் அல்ல. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இடப்பெயர்வு, தனிமைப்படுத்தல் பிரிவின் தலைவராக இருந்த மார்ட்டின் செட்ரான் அதற்குத் துணைபோக மறுத்தார். அது தம் துறை நிபுணர்களிடமிருந்து வரவில்லை, வெளியிலிருந்து தரப்பட்டது என்று பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்.

வளைகுடாவில் தவித்த நம் பிள்ளைகளுக்காக நீங்கள் பதறியது போலத்தான் நான் இவர்களுக்காகப் பதறுகிறேன். அவர்களுக்குத் தூதரகம் என்று ஒன்று இருந்தது, கையில் கடவுச்சீட்டு இருந்தது, வயது வந்த நண்பர்கள் இருந்தார்கள். ஹோண்டுராசிலிருந்து வந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு காகிதத்தில் எழுதிய தொலைபேசி எண் மட்டும்தான் இருந்தது.

செவிலி கற்பகம் (டல்லாஸ் பக்கம்)

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2021 வசந்த காலத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் ஓர் அவசர முகாமில் பணி செய்தேன். எந்த முகாம் என்று சொல்ல மாட்டேன்.

அப்போதைய நிலைமையை முதலில் சொல்கிறேன். 2021 ஜனவரியில் பைடனின் புதிய அரசு வந்ததும் குழந்தைகளை டைட்டில் 42இலிருந்து விலக்கிவிட்டது. அது சரியான முடிவு. ஆனால் ஓராண்டாக அடைத்து வைத்த பாதையைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கான ஏற்பாடு இல்லை. மார்ச் 2021இல் மட்டும் ஏறத்தாழ 19,000 குழந்தைகள் தனியாக வந்தார்கள். நோய்த்தடுப்பு இடைவெளிக்காகக் காப்பகங்களின் கொள்ளளவைப் பெரிதும் குறைத்திருந்தார்கள். அந்தக் கட்டுப்பாடு மார்ச் மாதம்தான் தளர்ந்தது. விளைவு, குழந்தைகள் எல்லைக் காவல்படையின் கூடாரங்களிலேயே தேங்கினார்கள். டெக்சாஸில் டோனா என்னும் ஊரில் இருந்த கூடாரத்தில் கொள்ளைநோய்க் கால வரம்பு 250 பேர். மார்ச் இறுதியில் அங்கே 4,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். காப்பகத்தில் இடைவெளியைக் காப்பதற்காகக் கூடாரத்தில் இடைவெளியே இல்லாமல் ஆக்கிவிட்டோம். மருத்துவப் பணியாளராக என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

பிறகுதான் மாநாட்டு மையங்களையும் விளையாட்டரங்குகளையும் இராணுவத் தளங்களையும் திறந்தார்கள். டல்லாஸ், சான் டியேகோ, சான் அன்டோனியோ, லாங் பீச், எல் பாசோ அருகே ஃபோர்ட் பிளிஸ். டோனாவை விட மேல். உணவு இருந்தது, குளிக்க இடம் இருந்தது, சுத்தமான உடை இருந்தது. ஆனால் நான் இருந்த இடத்தில் விளக்குகள் முழுவதும் அணையவே இல்லை. வரிசை வரிசையாகக் கட்டில்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் நாள் முழுவதும் கட்டிலில் படுத்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொற்று உறுதியானவர்களைத் தனிப் பகுதிக்கு மாற்றுவோம். அண்ணனுக்குத் தொற்று, தம்பிக்கு இல்லை என்றால் பிரிக்க வேண்டும். மருத்துவ விதி அது, மீற முடியாது. ஆனால் வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு வந்த தம்பிக்கு அதை யார் சொல்வது? எப்படிச் சொல்வது? குவாத்தமாலா மலைப்பகுதியிலிருந்து வந்த பலருக்கு ஸ்பானிஷ் சரளமாக வராது. வீட்டில் மாம், கிச்சே, கெக்சி போன்ற மாயா மொழிகள் பேசுகிறவர்கள். தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை கையசைவுதான். முகக்கவசம் போட்ட செவிலியின் முகத்தில் பிள்ளைக்கு எதுவும் புலப்படாது. நான் என் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, சிரித்த முகமாக, சட்டையில் குத்திக்கொண்டேன். மற்றவர்களும் அப்படிச் செய்யத் தொடங்கினார்கள். சிறிய பிள்ளைகள் படத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

காய்ச்சல், சிரங்கு, பல்வலி எல்லாம் பார்த்தோம். அவர்களுடைய நோய் அதுவல்ல. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: என் பெயர் பட்டியலில் வந்துவிட்டதா, எனக்கு எப்போது போக முடியும்? பதில் சொல்ல வேண்டியவர்கள் கேஸ் மேனேஜர்கள், அதாவது பொறுப்பாளரைத் தேடிச் சரிபார்த்துக் குழந்தையை ஒப்படைக்கும் பணியாளர்கள். அவர்கள் போதவில்லை. இருந்தவர்களில் பலர் இந்த வேலைக்கே புதியவர்கள். பக்கத்துக் கட்டில் பையன் நேற்று வந்தவன் இன்று போகிறான், நான் ஏன் இன்னும் இங்கே இருக்கிறேன் என்று அழுவார்கள். சாப்பிட மறுத்தவர்கள் உண்டு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளாமல் இருக்க ஆளைப் போட்டுக் கண்காணிக்க வேண்டியிருந்தவர்களும் உண்டு. ஃபோர்ட் பிளிஸ் பற்றி சுகாதார, மனித சேவைகள் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் செப்டம்பர் 2022இல் வெளியிட்ட அறிக்கை இதையேதான் சொன்னது: கேஸ் மேனேஜர் பணியில் இருந்த குறைகள் குழந்தைகளின் பாதுகாப்பையும் மனநிலையையும் பாதித்தன.

ஆகவே நதிமூலம் அக்கா சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். கூடுதலாக நூறு செவிலிகளை அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் பயனைவிட, அனுபவமுள்ள கேஸ் மேனேஜர்கள் இருபது பேர் வந்திருந்தால் குழந்தைகளின் உடல்நலமே மேம்பட்டிருக்கும். நான் செவிலியாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

வன்னியூரான் (இலண்டன்)

கற்பகம் அக்கா எழுதியதை வாசிக்கவே கஷ்டமாக இருந்தது. நான் பதினைந்து வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவன். தொண்ணூறுகளில் எங்கட ஆட்களில் அப்படி வந்த பிள்ளைகள் நிறையப் பேர். என்னுடைய கதை இங்கே தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறேன்: முதல் நாள் ஒரு மாமாவின் வீட்டில் போய் இறங்கியவனும், மாதக்கணக்கில் விடுதி அறையில் இருந்தவனும் இன்று இருக்கிற நிலை வேறு வேறு. இருவரையும் எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் நடந்ததையும் பதிவு செய்கிறேன். சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வரும் பிள்ளைகள் முதலில் இறங்குவது டோவரில். அதனால் கென்ட் கவுண்டி சபையே பெரும்பாலோரைப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. 2020 ஓகஸ்ட் 17 அன்று, இனிப் புதிதாக ஒரு பிள்ளையையும் பாதுகாப்பாக ஏற்க இயலாது என்று அந்தச் சபை அறிவித்தது. 2021 ஜூனில் மறுபடியும். மற்ற ஊர்ச் சபைகள் பங்கிட்டுக்கொள்வதற்கான தேசியத் திட்டம் 2016 முதல் இருந்தது, ஆனால் விரும்பினால் சேரலாம் என்ற அளவில்தான். கொவிட் காலத்தில் வளர்ப்புப் பெற்றோர் வீடுகள் குறைந்துபோயின. வயதானவர்கள், நோயுள்ளவர்கள் புதிதாக ஒருவரை வீட்டுக்குள் எடுக்கப் பயந்தார்கள். அது இயல்பு. அந்த இடைவெளியை நிரப்ப 2021 ஜூலை முதல் உள்துறை அமைச்சு பிள்ளைகளை விடுதிகளில் வைக்கத் தொடங்கியது. விடுதி வாசலிலிருந்தே பிள்ளைகள் காணாமற்போனார்கள். 2023 ஜனவரியில் அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்ட கணக்கு: இன்னும் கண்டுபிடிக்கப்படாதவர்கள் 200 பேர். அந்த ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம், பிள்ளைகளை வழக்கமாக விடுதியில் வைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.

பங்கிடும் திட்டத்தை எல்லாச் சபைகளுக்கும் கட்டாயமாக்கியது 2021 நவம்பரில். அதைக் கொவிட்டுக்கு முன்னரே செய்திருந்தால் கென்ட் சபை கையை விரித்திருக்காது. கொள்ளைநோய் புதிய ஓட்டை எதையும் போடவில்லை, இருந்த ஓட்டையால் தண்ணீர் வந்தது என்பதுதான் என் எண்ணம்.

சேதுக்கரை (இராமநாதபுரம்)

செவிலியம்மா எழுதியதைப் படித்த பிறகு கூடாரம் போதும் என்று யாரும் வாதிட முடியாது. ஆனாலும் இரண்டு கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. இரண்டும் முக்கியமானவை.

முதலாவது, பெரியவர்களையும் குடும்பங்களையும் திருப்பி அனுப்பிக்கொண்டே குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டால், பெற்றோரே பிள்ளையைத் தனியாக அனுப்பத் தூண்டுதல் ஆகாதா? மெக்சிகோ எல்லை ஊர்களில் அப்படி நடந்தது என்று படித்திருக்கிறேன்.

இரண்டாவது, விரைவாக ஒப்படைக்க வேண்டும் என்கிறீர்கள். யாரிடம்? 2023 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட புலனாய்வு, இரண்டு ஆண்டுகளில் 85,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசால் தொடர்புகொள்ள முடியவில்லை என்றது. இரவு வேலை, தொழிற்சாலை, கட்டட வேலை என்று பிள்ளைகள் சிக்கியிருந்தார்கள். அவசரமாகத் தள்ளிவிட்டதன் பலன் இதுவென்றால், மெதுவாகச் சரிபார்த்து அனுப்புவதே மேல் இல்லையா?

கணக்காசிரியர் (மேரிலாந்து)

இரண்டாவது கேள்விக்கு என் வகுப்பறையிலிருந்து கொஞ்சம் சொல்ல முடியும். அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பிள்ளைகள் அதிகம். 1982இல் உச்ச நீதிமன்றம் தந்த பிளைலர் தீர்ப்பின்படி, ஆவணம் இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. அந்த உரிமை தாளில் இருந்தது. 2020-21 கல்வியாண்டில் பள்ளியே திரைக்குள் போய்விட்டது.

ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைக்குப் பள்ளி வெறும் பாடம் அல்ல. மதிய உணவு அங்கேதான், செவிலி அங்கேதான், ஆலோசகர் அங்கேதான். வீட்டில் அடி விழுந்தால் கண்டுபிடிக்கிற முதல் ஆள் ஆசிரியர். கணினித் திரையில் கேமராவை அணைத்துவைத்த கறுப்புக் கட்டம் ஒன்றில் எதைக் கண்டுபிடிப்பது? என் வகுப்பில் ஒரு பையன் மதியத்துக்கு மேல்தான் இணைவான். இரவு முழுவதும் துப்புரவு வேலை. அவனுடைய அண்ணனுக்கு உணவகத்தில் இருந்த வேலை ஊரடங்கில் போய்விட்டது. வாடகைக்கு வேறு வழி இல்லை. ஆவணம் இல்லாததால் அரசின் கொரோனா உதவித்தொகை அந்த வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

சேதுக்கரை ஐயா, இதனால்தான் நீங்கள் இழுக்கிற கோடு எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தப் பையனை அவன் அண்ணனிடம் ஒப்படைத்தது தவறல்ல. அண்ணன் நல்லவன், தம்பியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று விரும்பினவன். ஒப்படைத்த பிறகு அந்த வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முப்பதாவது நாளில் அரசிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும், அவ்வளவுதான். 85,000 என்பது அந்த அழைப்பை எடுக்காதவர்களின் கணக்கு. எடுக்காதவர்கள் எல்லோரும் ஆபத்தில் இருந்தார்கள் என்று பொருளல்ல, எடுத்தவர்கள் எல்லோரும் நலம் என்றும் பொருளல்ல. தெரியாத எண்ணைக் கண்டாலே நாடுகடத்த வந்துவிட்டார்களோ என்று அஞ்சுகிற வீடுகள் அவை.

முதலாளிகளையும் மறக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் தொழிலாளர் துறை, இறைச்சி ஆலைகளைச் சுத்தம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எட்டு மாநிலங்களில் 13 ஆலைகளில், 13 முதல் 17 வயதுவரை 102 பிள்ளைகள் ஆபத்தான இரவு வேலையில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எல்லையைத் தனியாகக் கடந்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகள் வேலைக்குப் போனது அவர்களை வேலைக்கு எடுத்தவர்கள் இருந்ததால். குழந்தையை இன்னும் மூன்று மாதம் கூடாரத்தில் வைத்திருந்தால் அந்த ஆலைகள் மூடியிருக்குமா?

நதிமூலம் (ஹூஸ்டன்)

ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. சேதுக்கரை ஐயாவின் முதல் கேள்விக்கு வருகிறேன். ஆம், அது நடந்தது. மட்டமோரோசிலும் ரெய்னோசாவிலும் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள், பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று பாலத்தின் மேல் தனியாக அனுப்பினார்கள். ஆனால் காரணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குடும்பமாகப் புகலிடம் கேட்கும் வழியை டைட்டில் 42 அடைத்தது. தாயோடு வந்தால் இருவரும் மெக்சிகோவுக்குத் திரும்ப வேண்டும். ஆள்கடத்தும் கும்பல்கள் காத்திருக்கும் ஊர் அது. தனியாகப் போனால் பிள்ளை உள்ளே இருக்கலாம். அந்தத் தேர்வைத் தாயின் கையில் திணித்தது ஆணைதான். குழந்தைகளுக்குத் தந்த விலக்கை எடுத்துவிடுவது தீர்வாகாது. அது 2020க்குத் திரும்புவது. குடும்பங்களுக்கும் வழி திறப்பதே தீர்வு. அது கடைசியில் 2023 மே 11 அன்று டைட்டில் 42 முடிவுக்கு வந்தபோதுதான் சாத்தியமானது, அதுவும் வேறு கட்டுப்பாடுகளோடு.

விரைவா, சரிபார்ப்பா என்ற கேள்விக்கு நான் இரண்டையும் கேட்கிறேன். முடியாத காரியம் அல்ல. 2021 மார்ச் நடுவில் உள்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் மயோர்க்காஸ் சொன்ன கணக்கு: வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அமெரிக்காவில் குடும்பத்தினர் ஒருவராவது இருந்தார், 40 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கு அந்த நபர் தாய், தகப்பன் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். சொந்தத் தாயிடம் ஒப்படைக்க என்ன சரிபார்ப்பு வேண்டும்? பிறப்புச் சான்று, அடையாளம், குழந்தையோடும் தாயோடும் ஒரு பேச்சு. இவர்களை முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டால், தூரத்து உறவினரையோ உறவே இல்லாத பொறுப்பாளரையோ கொண்ட குழந்தைகளுக்கு நேரம் எடுத்து வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். ஒரே முகவரியில் பலர் பதிவாகிறார்களா என்று கவனிக்கலாம். எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதால்தான் தாயிடம் போக வேண்டிய பிள்ளை காத்திருந்தது, ஆழமாக விசாரிக்க வேண்டிய பிள்ளையைப் பற்றி மேலோட்டமாக விசாரித்தார்கள்.

இன்னொன்று, பயம். 2018இல் பொறுப்பாளர்களின் விவரங்களைக் குடியேற்றக் காவல் துறையோடு பகிரும் ஒப்பந்தம் போட்டார்கள். சித்தியின் கைரேகையைக் கொடுத்தால் சித்தியைப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று உறவினர்கள் முன்வரத் தயங்கினார்கள். 2021 மார்ச் 12 அன்று அதை இரத்து செய்தார்கள். பயணச் செலவை அரசே ஏற்கலாம் என்றும் அந்த மாதமே வழி செய்தார்கள். அதற்கு முன் விமானக் கட்டணம் புரட்ட முடியாமல் பிள்ளையை அழைக்கக் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. எல்லைக் காவல்படையிடம் தேங்கிய குழந்தைகள் மார்ச் இறுதியில் 5,700க்கு மேல் இருந்தார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு அருகில் வந்துவிட்டது. மனம் வைத்தபோது முடிந்தது. முடிந்ததை ஓராண்டு முன்பே செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

எல்பே கரை (ஹாம்பர்க்)

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு நேரத்தில் செய்தது உண்டு என்பதால் எழுதுகிறேன். 2020 தொடக்கத்தில் கிரேக்கத்தில் தனியாக இருந்த குழந்தைகள் ஐயாயிரத்துக்கும் மேல். லெஸ்போஸ் தீவின் மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்கானது. அந்த மார்ச் மாதம் அங்கே இருபதாயிரத்தை நெருங்கிய கூட்டம். கை கழுவக் குழாய்க்கு முன் நெடும் வரிசை. அந்த ஊரடங்கு நாட்களின் நடுவிலேயே, ஏப்ரல் 15 அன்று 12 குழந்தைகளை லக்சம்பர்க் அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 18 அன்று 47 பேர் ஏதென்சிலிருந்து ஹானோவருக்கு விமானத்தில் வந்தார்கள். இரண்டு வாரம் லோயர் சாக்சனியில் தனிமைப்படுத்தல், பிறகு பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள். பரிசோதனை, தனிமைப்படுத்தல், பிறகு வீடு. விமான நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்த மாதத்தில் இது நடந்தது.

ஜெர்மன் அரசியல்வாதிகள் இதைப் பெரிய சாதனையாகக் காட்டியபோது எனக்குக் கோபம் வந்தது. 47 என்பது வாக்குறுதி தந்ததில் ஒரு துளி. செப்டம்பரில் மோரியா எரிந்து சாம்பலான பிறகுதான், அங்கிருந்த 406 குழந்தைகளை ஒரே மூச்சில் பெருநிலத்துக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். தீப்பிடித்த மறுநாள் கிடைத்த விமானங்கள் அதற்கு முந்திய ஆறு மாதம் ஏன் கிடைக்கவில்லை?

கிரேக்கம் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புக் காவல் என்ற பெயரில் தனியாக இருந்த குழந்தைகளைக் காவல் நிலைய அறைகளில் அடைத்து வைக்கும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. 2020 டிசம்பரில் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள். கொள்ளைநோயின் நடுவில் ஒரு நாடு கதவை இறுக்காமல், இருந்த கொடுமை ஒன்றைக் கைவிட்டது. இது சாத்தியம் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

சேதுக்கரை (இராமநாதபுரம்)

பரிசோதனை, தனிமைப்படுத்தல், பிறகு வீடு. இந்த வரிசையை நான் ஏற்கிறேன். வளைகுடாவிலிருந்து வந்தவர்களுக்கும் நம் மாவட்டத்தில் இதைத்தான் செய்தோம். கல்லூரி விடுதிகளில் தங்கவைத்து, பிறகு ஊருக்கு அனுப்பினோம். வெளியில் நிறுத்தாமல் இப்படிச் செய்ய முடியும் என்றால் எனக்கு எதிர்ப்பு இல்லை. எல்லைக் கட்டுப்பாடு வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதை ஒப்புகிறேன்.

மல்லிகா (நியூ ஜெர்சி)

நான் வழக்கறிஞர், ஆனால் நிறுவனச் சட்டம். குடியேற்றச் சட்டம் பழக்கமில்லை. கணினித் துறையில் உள்ள என் தோழிகள் இருவரும் ஏதாவது செய்ய விரும்புகிறார்கள். எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன? பணம் அனுப்புவது தவிர.

நதிமூலம் (ஹூஸ்டன்)

மல்லிகா, உங்களால் செய்ய முடிவது நிறைய இருக்கிறது. குடியேற்ற நீதிமன்றத்தில் குழந்தைக்கு அரசு செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை கிடையாது. ஆறு வயதுக் குழந்தையும் தனியாக நீதிபதி முன் நிற்க வேண்டியிருக்கும். 2008இல் தொடங்கப்பட்ட கிண்ட் என்ற அமைப்பு, வேறு துறை வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி தந்து இந்த வழக்குகளைக் கட்டணமின்றி நடத்த வைக்கிறது. பெற்றோரில் ஒருவராவது கைவிட்ட அல்லது கொடுமைப்படுத்திய குழந்தைக்குச் சிறப்புக் குடியேற்றச் சிறார் தகுதி என்று ஒன்று உண்டு. அதற்கு முதலில் மாநில நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். கொரோனாவில் மாநில நீதிமன்றங்கள் மெதுவானபோது, அந்த ஆணை கிடைப்பதற்குள் பதினெட்டு வயது கடந்து வாய்ப்பை இழக்கும் நிலை பல இடங்களில் வந்தது. மாநில நீதிமன்ற நடைமுறை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் கூடுதலாக இருந்தால் ஒரு பிள்ளைக்கு வாழ்க்கையே மாறும்.

வழக்கறிஞர் அல்லாதவர்களுக்கு: யங் மையம் என்ற அமைப்பு, காவலில் உள்ள குழந்தையைத் தொடர்ந்து சந்தித்து, அதன் நலன் எது என்று எடுத்துச் சொல்லும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருகிறது. கொள்ளைநோயில் இந்தச் சந்திப்புகள் தொலைபேசிக்கும் காணொளிக்கும் மாறின. நேரில் வருவது போல ஆகாது. ஆனால் வாரம் தவறாமல் ஒரே குரல் பேசுகிறது என்பது காவலில் இருக்கும் பிள்ளைக்குப் பெரிய பிடிமானம்.

கணக்காசிரியர் (மேரிலாந்து)

உங்கள் ஊர்ப் பள்ளியையும் விட்டுவிடாதீர்கள். 2020 இலையுதிர் காலத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் வீட்டில் கிடந்த மடிக்கணினிகளைத் துடைத்து, மென்பொருள் ஏற்றித் தந்தார்கள். கணினி வாங்கிய பிள்ளைகளில் பலருக்கு இணைய இணைப்பு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் மாதாமாதம் பணம் கட்டினார்கள். அதைவிடப் பயன்பட்டது இன்னொன்று. மாலையில் ஒரு மணி நேரம் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தரத் தன்னார்வலர்கள் வந்தார்கள். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் அவர்கள் என்னிடம் சொல்வார்கள், நான் பள்ளி ஆலோசகரிடம் சொல்வேன், அவர் வீட்டுக்குப் போவார். முப்பதாம் நாள் அழைப்பு செய்யாத வேலையை அது செய்தது. உங்கள் தோழிகள் இதைத் தொடங்கக் கொள்ளைநோய் எதுவும் வரத் தேவையில்லை, இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். பள்ளியில் புதிதாகக் குடியேறிய மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரைக் கேளுங்கள். பின்னணிச் சோதனைக்கு விண்ணப்பம் தருவார்கள். அது முடியச் சில வாரம் ஆகும்.

மல்லிகா (நியூ ஜெர்சி)

நன்றி. கிண்ட் பயிற்சி பற்றி இன்றே விசாரிக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: ஸ்பானிஷ் தெரியாதது தடையா?

நதிமூலம் (ஹூஸ்டன்)

வழக்கு நடத்தத் தடை இல்லை, மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசலாம். குழந்தையைச் சந்திக்கும் பணிக்கு அதன் மொழி தெரிந்தவர்களையே பெரும்பாலும் தேடுவார்கள். நான் இங்கே வந்த பிறகு, நாற்பது வயதுக்கு மேல்தான் கற்றேன். சமுதாயக் கல்லூரியில் மாலை வகுப்புகள் இருக்கும், உங்கள் பகுதியிலும் பாருங்கள்.